கீழே வைத்தல்

மார்ச் 3

பேச்சுவார்த்தை தொடங்கி மூன்றாம் நாள். பழைய சுங்க அலுவலகத்தின் மாடி அறை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் நாட்டை ஆளுகிறவர்கள் ஆறு பேர், இந்தப் பக்கம் நம்மவர்கள் ஐந்து பேர். நான் மேஜையில் இல்லை. நம் தரப்புக்குத் தலைமை தாங்கும் வக்கீல் ஐயாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு முக்காலி. தாளின் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் அவர்கள் மொழியிலும் வலப்பக்கம் நம் மொழியிலும் எழுதுகிறேன். ஒரு வரி முடிவானதும் இரு தரப்பும் ஓரத்தில் சுருக்கொப்பம் இடுவார்கள். தாளை நீட்டும்போது அது மடங்கி மை இழுபட்டதை அவர்களுடைய செயலாளர் பார்த்துவிட்டார். நாளையிலிருந்து அட்டையில் வைத்து நீட்ட வேண்டும்.

அம்மா கேட்டாள்: "அங்க என்னதான்டி பேசுறீங்க?"

"அவங்க எப்போ நாட்ட விட்டுக் கிளம்புவாங்கன்னு."

"எதிர்வீட்டுல குடிவந்தவன கிளப்பவே மூணு வருஷம் ஆச்சு" என்றாள். அப்பாகூடச் சிரித்தார்.

மார்ச் 9

மலையிலிருந்து அண்ணன் சீட்டு அனுப்பியிருக்கிறான். சாயப்பட்டறை வாசலில் யாரோ அப்பாவின் சட்டைப்பையில் செருகிவிட்டுப் போனார்களாம். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்தேன்.

"பட்டதாரியம்மாவுக்கு. அவங்க மேஜைக்குப் பக்கத்துல உக்காந்து சேவகம் பண்றியாமே. கேட்டு வாங்குறதுக்குப் பேரு பிச்சை. நாங்க எடுத்துத் தர்றோம், நீ அத அழகா எழுதி வை."

நடுவில் இரண்டு வரியை விட்டுவிட்டுப் படித்தேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நடுவுல ஏதோ முழுங்கிட்ட" என்றார்.

எட்டாம் வகுப்போடு நின்று பட்டறைக்குப் போனவன் அவன். அதனால்தான் எனக்குக் கல்லூரி. துப்பாக்கியோடு மலையேறி இரண்டு வருடம் ஆகிறது. என் மீது அவனுக்கு என்ன கோபம் இருந்தாலும் கடன்பாக்கியெல்லாம் என் பக்கம்தான்.

மார்ச் 17

மதியம் தாழ்வாரத்தில் நம் ஆட்களிலேயே இரண்டு பேர் ஐயாவிடம் மல்லுக்கு நின்றார்கள். எதற்கு இந்தக் கெஞ்சல், மலையில் இருப்பவர்களை இறக்கி ஒரு கை பார்க்கலாமே என்று.

ஐயா சோற்றுப் பொட்டலத்தை மடித்தபடியே சொன்னார்: "மலையில நானூறு பேரு. அவங்ககிட்ட நாப்பதாயிரம். இதுக்குக் கணக்கு வாத்தியார் வேணுமா?"

"பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போங்க."

"ஆமாப்பா, பயமாத்தான் இருக்கு."

ஐயாவுடைய தம்பி மலையில்தான் செத்தார் என்று தட்டச்சுக்காரர் பிறகு சொன்னார்.

ஏப்ரல் 2

இன்று நான் வாயைத் திறந்தேன்.

ஆயுதப் பிரிவைப் பற்றிய வரி. மலையில் இருப்பவர்கள் இறங்கினால்தான் விடுதலைத் தேதியைக் குறிப்பார்கள். அவர்கள் மொழியில் அதற்கு ஒரே சொல். கையில் கொடுப்பது, கைவிடுவது, பணிவது எல்லாம் அதற்குள் அடக்கம். நம் மொழியில் ஏதாவது ஒன்றைத்தான் எழுத முடியும். "சரணடைதல்" என்றால் கலவரமே வந்துவிடும். "ஒப்படைத்தல்" என்றாலும் வரமாட்டோம், அவன் கையில் கொடுக்க மாட்டோம் என்று மலையிலிருந்து முன்பே சொல்லிவிட்டார்கள். இரண்டு மணி நேரம் இழுபறி. ஐயா திரும்பி, "ஏம்மா, நம்ம பாஷையில வேற வார்த்தையே இல்லையா?" என்றார்.

"கீழே வைத்தல்" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காது சுட்டது. ஐயா அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். செயலாளர் என்னிடமே கேட்டார், இரண்டும் ஒன்றுதானா என்று.

ஒன்றுதான் என்றேன்.

சுருக்கொப்பம் விழுந்தது.

ஏப்ரல் 3

ஒன்றுதானா?

ஏப்ரல் 19

அண்ணன் வருகிறான்! முதல் அணியில் அறுபது பேர். வரும் 24, காலை பத்து மணி, செங்கல் சூளைத் திடல். சீட்டில்: "யாரு கையிலயும் குடுக்க வேணாம்னு படிச்சுக் காட்டினாங்க. அப்போ வர்றோம். நெட்டையனும் என்கூட வர்றான். அவனுக்கு மட்டும் ரெண்டு ஆள் சாப்பாடு ஆக்கச் சொல்லு." அண்ணனோடு ஒன்றாக மலையேறிய கூட்டாளி நெட்டையன்.

அம்மா பாயை வெயிலில் போட்டிருக்கிறாள்.

ஏப்ரல் 24

சுட்டுவிட்டார்கள். அண்ணன் உயிரோடு இருக்கிறான். நெட்டையன் — எழுத வரவில்லை.

ஏப்ரல் 25

எழுதித்தான் ஆக வேண்டும்.

நாங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம். நடுத் திடலில் ஒரு மேஜை, பதிவேடு, பின்னால் சிப்பாய்கள். அறுபது பேரும் வரிசையாக வந்தார்கள். மேஜைக்கு இருபது அடி தள்ளியே நின்று, துப்பாக்கிகளைத் தரையில் வைத்தார்கள். அவ்வளவுதான். தாளில் இருந்தது அவ்வளவுதானே. திரும்பி எங்களைப் பார்த்து நடந்தார்கள். நெட்டையன் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினான். அங்கிருந்தே, "சாப்பாடு ரெடியா?" என்று கத்தினான்.

சிப்பாய்களின் உத்தரவு அவர்கள் மொழியில். ஒவ்வொருவனும் மேஜைக்கு வந்து, கையில் கொடுத்து, பெயர் சொல்ல வேண்டும். முதுகைக் காட்டி நடந்தால் என்ன அர்த்தம்? ஓடுகிறார்கள் என்று நினைத்தார்கள். "நில்" என்று ஒருவன் கத்தினான். இரண்டாவது முறையும் கத்தினான். நடந்தவர்களில் ஒருவனுக்கும் அந்த மொழி தெரியாது.

எனக்குத் தெரியும். நான் நாற்பது அடியில் நின்றேன். என் வாய் திறந்திருந்தது. குரல் வரவில்லை. பிறந்ததிலிருந்து நான் கத்தியதே இல்லை.

மூன்று பேர் செத்தார்கள். அண்ணனுக்கு வலக்கையில்.

ஏப்ரல் 27

ஐயாவிடம் சொன்னேன். தெரிந்தேதான் ஒன்று என்று சொன்னேன் என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எனக்கும் அவங்க பாஷை தெரியும்மா" என்றார். "நானும்தான் கையெழுத்துப் போட்டேன்."

பேச்சை முறிக்கச் சொல்லித் தெருவில் கூட்டம். மலையில் இன்னும் முந்நூற்று நாற்பது பேர். அடிபட்டவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நகரத்தையே கொளுத்துகிறோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அடிபட்டவர்களில் பேசக்கூடிய நிலையில் இருப்பவன் அண்ணன் ஒருவன்தான்.

ஏப்ரல் 29

ஆஸ்பத்திரி. அண்ணனுக்கு முழங்கை வரை கட்டு. இரண்டு விரல் போய்விட்டது. அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"அந்த வார்த்தை நான் சொன்னதுண்ணா."

"எது?"

"கீழே வைக்கிறதுங்கறது. அவங்க தாள்ல கையில குடுக்கணும்னு அர்த்தம் வரும். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"குடுக்கணும்னு எழுதினா நீ வரமாட்டியேன்னு…"

அவன் விட்டத்தைப் பார்த்தான். "வந்திருக்க மாட்டேன்தான்" என்றான். "நெட்டையனும் வந்திருக்க மாட்டான்."

பிறகு, "பேப்பர் இருக்கா? எழுது."

அப்பா பதறினார். "டேய், யோசிச்சுச் சொல்லுடா…"

"நீ சும்மா இருப்பா."

அவன் சொன்னதை எழுத்துப் பிசகாமல் எழுதினேன்: "நெட்டையன் போயிட்டான். நான் இருக்கேன். எவனும் எதையும் கொளுத்த வேணாம். எல்லாரும் இறங்கி வாங்க. கீழ வைக்காதீங்க. மேஜை வரைக்கும் போயி அவன் கையில குடுங்க. பேரு கேப்பான், சொல்லுங்க. அவன் போன்னு சொல்ற வரைக்கும் திரும்பாதீங்க."

இடக்கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டான்.

"விட்டுடச் சொல்றியாடா?" என்றார் அப்பா. நம்ப முடியாமல்தான் கேட்டார்.

"மிச்சம் இருக்கிறவனுங்க வீட்லயும் சோறு ஆக்கி வெச்சிருப்பாங்கப்பா."

என் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "எழுதியாச்சுல்ல. போ."

மே 6

முந்நூற்று நாற்பது பேரும் கையில் கொடுத்தார்கள். மேஜைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவனுக்கும் இரண்டு மொழியிலும் நான்தான் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது. ஒருவன் என் காலடியில் துப்பினான். ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஜூன் 30

அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு மாதம். அம்மாவிடம் பேசுகிறான், அப்பாவிடம் பேசுகிறான்.

ஆகஸ்ட் 14

நெட்டையனின் அம்மாவைத் தெருவில் பார்த்தேன். நின்றேன். அவள் நிற்கவில்லை.

நவம்பர் 12

காலையில் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. கிளம்புகிறார்கள். ஐயா மேஜையிலிருந்து எழுந்து, ஜன்னலோரம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தெருவெல்லாம் ஆட்கள், வீட்டுக்கு வரவே இரண்டு மணி நேரம் ஆனது. அப்பாவும் அம்மாவும் கூட்டத்தில் எங்கோ இருந்தார்கள். அண்ணன் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"ஆயிடுச்சா?" என்றான்.

ஆறரை மாதத்துக்குப் பிறகு என்னிடம் முதல் பேச்சு. என்னிடம்தான் கேட்டான், வீட்டில் வேறு யாரும் இல்லை.

"ஆயிடுச்சுண்ணா."

"எழுத்துல இருக்கா?"

"இருக்கு."

"ரெண்டு பாஷையிலயும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சரி. அந்த ஜன்னல சாத்து. ஒரே சத்தமா இருக்கு."

சாத்தினேன்.