சவரிக்கு ஒரு குவளை தண்ணீர்

என் அன்பு மச்சான் சவரி,

இந்த வருஷமும் நம் பாஸ்கா நாடகம் நடந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் உன் காதில் ஏறாது. புக்கிட் பெலண்டோக் தோட்டத்து மாதா கோயில் வாசலில், அதே தகரக் கொட்டகைக்குக் கீழே, பெரிய வெள்ளி மத்தியானம். செனாவாங்கிலிருந்தும் சி ரூசாவிலிருந்தும் மோட்டாரில் வந்து இறங்கிய கூட்டத்தைப் பார்த்திருந்தால் உனக்குத் தலைகால் புரிந்திருக்காது.

நான்தான் இயேசு. சிரிக்காதே. தொப்பையை உள்ளே இழுத்துக் கட்டிக்கொண்டு சிலுவை சுமந்தேன். "நாப்பது நாளு நோன்பு இருந்த சாமி மாதிரியாடா இருக்கே?" என்று வருஷா வருஷம் கேட்பாயே, இந்த முறை கேட்க ஆளில்லாமல் எனக்கே என் வயிறு பெரிதாகத் தெரிந்தது.

ஆனால் நாடகம் நடக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. காரணம் உன் வேஷம்தான். யூதாஸ்.

போன வருஷம் நினைவிருக்கிறதா? நாடகம் முடிந்ததும் யூதாஸுக்குத்தான் முதல் மரியாதை, அது நம் தோட்டத்து வழக்கம். இயேசுவாக நடித்தவன் தன் வேஷத்தைக் கலைக்கும் முன்பு, யூதாஸின் முகத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். முதல் கிண்ணம் பயற்றங்கஞ்சியும் அவனுக்குத்தான். கழுவாவிட்டால் வேஷம் ஆளோடு வீட்டுக்கு வந்துவிடும் என்பார்கள். நான் குவளையோடு வந்தபோது நீ பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாய்.

"ஃபிளைட்டுல கழுவிக்கிறேன்லா மச்சான், வேன்காரன் கத்துறான்!"

கரித் தாடியோடு விமான நிலையத்துக்குப் போன வெல்டர் உலகத்திலேயே நீ ஒருவன்தான். அங்கிருந்து என் தங்கை ஸ்டெல்லாவுக்கு வீடியோவில் கூப்பிட்டு, "போலீஸ்காரன் என்னய ஒரு மாதிரி பாக்குறான்டி" என்று சிரித்தாயாம். ஒப்பந்த வேலை முடிந்து அடுத்த பாஸ்காவுக்குத் திரும்பிவிடுவேன் என்றும் சொன்னாயாம்.

நீ வேலைக்குப் போன அந்தத் தூர தேசத்தில் ஆறு கரையை உடைத்து, வேலையாட்கள் தங்கியிருந்த கொட்டகைகளை அடித்துக்கொண்டு போன அன்று இங்கே நல்ல வெயில். நான் வீட்டு முன்னால் மோட்டார் கழுவிக்கொண்டிருந்தேன். உனக்கு அப்படி ஒன்று நடக்கும்போது எனக்கு ஏன் ஒன்றுமே தெரியவில்லை?

பிறகு கைப்பேசியில் அந்தப் பழுப்புத் தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம், எங்காவது உன் சட்டை தெரியாதா என்று. உன் உடல் கிடைக்கவே இல்லை. குளிப்பாட்ட, பெட்டியில் வைக்க, ஒரு பிடி மண் போட அந்த ஆறு எதையும் எங்களுக்குத் தரவில்லை. அதன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். பாதர் திருப்பலி வைத்தார், நாங்கள் உன் போட்டோவுக்கு மாலை போட்டுவிட்டு வந்தோம்.

துக்கம் கேட்க வந்த வாய்களில் ஏதோ ஒன்று ஆரம்பித்து வைத்தது: "மொகம் கழுவாம போனான்ல, அதான்." வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது நம் ஆட்களுக்குக் கைவந்த கலையாயிற்றே. அது காதுக்குக் காது மாறி, கடைசியில் உன் மகள் காதுக்கே வந்துவிட்டது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்து வந்த ரீத்தா என் மோட்டாரில் ஏறாமல் நின்றாள். "மாமா, எங்கப்பா யூதாஸ்ங்கிறதாலதான் தண்ணி இழுத்துக்கிட்டுப் போச்சா?"

நான் கத்தினேன், யார் சொன்னது என்று. பிள்ளைக்கு வேண்டியது பதில், நான் கொடுத்தது கத்தல். உன்னிடம் சொல்ல என்ன வெட்கம், எனக்குள்ளேயும் ஒரு மூலையில் அது இருந்தது. குவளையோடு வேனுக்குப் பின்னால் ஓடியிருக்கலாமோ?

தவக்காலம் பிறந்தது. வேலை முடிந்து சாயங்காலம் நம் தாமான் குடியிருப்பின் பேட்மிண்டன் திடலில் ஒத்திகைக்குக் கூடினோம். உன் வேஷத்தைத் தொட ஒருவனும் வரவில்லை. ஒருவனுக்கு முதுகு வலி, ஒருவனுக்கு நைட் ஷிப்ட். நாடகம் போடுகிற பங்கிராஸ் மாமாவும் தளர்ந்துவிட்டார். "இந்த வருஷம் யூதாஸு இல்லாமலே ஓட்டிருவோம். தெரைக்குப் பின்னால கொரலு மட்டும் போதும்."

அப்போது என் தங்கை வந்தாள், மச்சான். உன் கயிறும், போத்தல் மூடிகளைப் போட்டு வெள்ளிக்காசு என்று நீ குலுக்குவாயே அந்தப் பையும் அவள் கையில்.

"நான் போடுறேன் மாமா."

"பொம்பள யூதாஸா? ஊரு என்னா பேசும் தாயி?"

"பேசாததா இனிமே புதுசா பேசப்போவுது? அவரு கெட்டவனா நின்னதாலதான்லா மாமா, நீங்க எல்லாம் நல்லவங்களா நடிச்சீங்க." கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டாள். "எம்மவ பாக்கணும். அது வெறும் வேஷம்னு அவ கண்ணால பாக்கணும்."

பங்கிராஸ் மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "சரி, கடைசி ராப்போசனம். எடத்தப் புடிங்க" என்றார்.

அவளுக்கு வசனம் பாடம் பண்ண வேண்டியிருக்கவில்லை. நீ எந்த வருஷம் படித்துவிட்டு வந்தாய்? திரைக்குப் பின்னால் நின்று எடுத்துக் கொடுத்தவள் அவள்தானே. உண்மையைச் சொன்னால் இத்தனை காலமும் பாதி யூதாஸ் அவள்தான்.

பெரிய வெள்ளியன்று, உனக்குச் செய்வது போலவே ரீத்தா கரியைக் குழைத்து அம்மாவுக்குத் தாடி வரைந்தாள். "அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் கீழ வரும்" என்று அழித்து அழித்து வரைந்தாள். ஸ்டெல்லா உன்னைவிட நன்றாக நடித்தாள், கோபித்துக்கொள்ளாதே. நீ பையை வீசும்போது மூடிகள் உருண்டு ஓட, கூட்டம் சிரிக்கும். இந்த முறை வீசியபோது முன்வரிசையில் அந்தப் பேச்சுப் பேசிய வாய்களும் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதன.

நாடகம் முடிந்தது. நான் முள்முடியோடு குவளையை எடுத்துக்கொண்டு ஸ்டெல்லாவிடம் போனேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அண்ணே, இரு. எனக்கு முன்ன ஒரு ஆளு பாக்கி இருக்கு."

எனக்குப் புரிந்துவிட்டது. நீ வழக்கமாகக் குனிந்து நிற்கும் ரம்புத்தான் மரத்தடிக்குப் போனேன். உன் முகம் எந்த உயரத்தில் இருக்கும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. அந்த உயரத்தில் குவளையைப் பிடித்து மெதுவாக ஊற்றினேன், உன் கண்ணுக்குள் போகாமல். ரீத்தா முதல் கிண்ணம் கஞ்சியைக் கொண்டுவந்து ஈர மண்ணில் வைத்தாள்.

"அப்பாவுக்குத் தாடி போயிருச்சா மாமா?"

"போயிருச்சுடா. மொகம் பளிச்சுன்னு இருக்கு" என்றேன். இந்த முறை கத்தவில்லை. அதற்குப் பிறகுதான் என் தங்கைக்கு ஊற்றினேன். கரியும் கண்ணீரும் சேர்ந்து இறங்கின, அதற்கு அடியில் அவள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வருஷ யூதாஸுக்கு இப்போதே அடிதடி. முதுகு வலிக்காரனுக்கு முதுகு சரியாகிவிட்டதாம். யார் போட்டாலும் போடட்டும். நான் சிலுவை சுமக்கும் காலம் வரை, முதல் குவளை உனக்குத்தான், சவரி. எந்த வேனும் உனக்காகக் காத்திருக்கவில்லை. நிதானமாகக் குனிந்து முகத்தைக் காட்டு.

குவளையோடு நிற்கும்,
உன் மச்சான் அருள்