ஓட்டத் தெரியாத ஓட்டுநர்

லாஸ் வேகாஸ்,
நவம்பர் 4

அன்பு மகன் டெனிசுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. எனக்கு அம்மாவின் வாயைத் தவிர ஒரு குறையும் இல்லை. டுலூத்தில் பனி விழத் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொள்.

முதலில் ஒரு நன்றி. படக் கம்பெனிக்கு என் பேரை எழுதிப்போட்டது நீதான் என்று நினைத்திருந்தேன். போன வாரம் அங்கே அந்தக் கடிதத்தைக் காட்டினார்கள். எழுதியது உன்னோடு இருக்கும் எம்மெட். "பியானோக் கலைஞர் லூசியன் வார்டெல்லுக்குப் பதினாறு வருஷம் மேலங்கி தூக்கியவர், இவரைக் கேட்காமல் லூசியன் கதையைப் படமெடுக்காதீர்கள்" என்று எழுதியிருக்கிறான். அந்த மேலங்கிக் கதையை நான் சொன்னது ஒரே ஒரு தடவை, நன்றி நாள் விருந்தில், வான்கோழியை வெட்டிக்கொண்டே. எல்லோரும் கால்பந்து பார்க்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். ஒருத்தன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. லூசியனாக நடிப்பவர் முப்பது கிலோ மேலங்கியோடு மேடைக்கு வருவார். பியானோவில் உட்காருமுன் அதைத் தோளிலிருந்து வாங்கி, தலை வெளிச்சத்தில் படாமல் குனிந்தபடியே இழுத்துப் போக வேண்டும். அதை நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். "பதினாறு வருஷம் அவரு முதுகப் பாத்தே பொழச்சீங்க, இப்ப அதுக்கு வாத்தியாராக்கும்" என்று அம்மா சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு காட்சியைக் கெடுத்துவிட்டேன். ரோலண்டை உனக்கு நினைவிருக்காது. லூசியனோடு ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தவன். பத்திரிகைக்காரர்கள் கேட்டால் "ஓட்டுநர்" என்று சொல்லும்படி எங்களுக்கு உத்தரவு. படத்திலும் ரோலண்டாக நடிப்பவர் வெள்ளைக் காரின் முன்சீட்டில் ஏறி வண்டியைக் கிளப்பினார். காமிரா ஓடுவதை மறந்து, "ஐயோ, அவனுக்கு ஓட்டவே தெரியாதே!" என்று கத்திவிட்டேன்.

இயக்குநர் அம்மாள் மிஸ் ஹார்லன் திட்டவில்லை. "அப்ப ஓட்டுனது யாரு, ஓரின்?" என்றார். "நாந்தாம்மா" என்றேன். ரோலண்ட் எங்கே உட்காருவார் என்று கேட்டார். பின்சீட்டில், லூசியன் பக்கத்தில் என்றேன். "அப்ப அவரு யாரு?" என்றார். நாற்பது பேர் என்னையே பார்க்கிறார்கள். விளக்கு பிடிக்கும் ஆள், "சொல்லு பெருசு, இங்க எவனும் பத்திரிகைக்காரன் இல்ல" என்றான். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "ஓட்டுநர்." எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

பிறகு நிஜத்தைச் சொன்னேன். லூசியனின் இறுதிச் சடங்கில் ரோலண்டை வேலைக்காரர்கள் வரிசையில், எனக்கும் சமையல்காரருக்கும் நடுவில் உட்காரவைத்தார்கள். கைக்குட்டை கேட்டான். கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "நல்ல முதலாளி, இல்ல?" என்றேன். எல்லாம் தெரிந்த நான் அப்படிக் கேட்டேன், டெனிஸ். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

இதைச் சொன்னதும் யாரும் சிரிக்கவில்லை. மிஸ் ஹார்லன் காட்சியை மாற்றினார். இப்போது ரோலண்ட் பின்சீட்டில். முன்சீட்டில் நான். என் வழுக்கைப் பின்மண்டை உலகமெல்லாம் ஓடப்போகிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். உருளைக்கிழங்கைத் தோலுரித்தபடியே, "எம்மெட்டப் பத்தி நம்ம சர்ச்சுல என்னன்னு சொல்லி வெச்சிருக்கீங்க?" என்றாள். டெனிசோட ஒரே அறையில் தங்கியிருக்கும் சிநேகிதன் என்றேன். "பதினோரு வருஷமாவா? அவங்க வீடே வாங்கிட்டாங்க. அதுல அஞ்சு அறை இருக்கு, எந்த அறை?" என்றாள். ஒவ்வொரு நன்றி நாளுக்கும் நீங்கள் வந்ததும் எம்மெட்டுக்கென்று ஹாலில் மடிப்புக் கட்டிலை விரித்துப் போடுவது நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் கால் அதற்கு வெளியே தொங்கியது. போன வருஷம் பனி, விமானம் இல்லை என்று சொல்லி நீங்கள் வரவில்லை. விமானம் பறந்தது, விசாரித்தேன். கோபமில்லை. நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

அந்த மடிப்புக் கட்டிலை சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டேன். யாருக்குப் போட்டது என்று பாதிரியார் கேட்டார். "என் மகனோட துணைவனுக்குப் போட்டது, இனிமே வேண்டாம்" என்றேன். வானம் இடிந்து விழவில்லை. கீல் துருப்பிடித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

உன் அறைக்குப் பெரிய கட்டில் வாங்கியிருக்கிறேன். பாகங்களை நானே சேர்த்துப் பூட்டினேன், ஆகவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. எம்மெட்டுக்குத் தச்சுவேலை தெரியும் அல்லவா? அவன் வந்துதான் நிமிர்த்த வேண்டும். அவனுக்கு நான் சொல்லவேண்டிய நன்றி ஒன்றும் பாக்கியிருக்கிறது. அதைக் கடிதத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இந்த வருஷமாவது வாருங்கள். கடவுள் உங்களைப் பத்திரமாக ஒன்றாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் இருவரின் அப்பா,
ஓரின்