ஆறிப்போன ஒன்பது கோப்பை

சல்த்,
3 ஏப்ரல் 2005, ஞாயிறு

பிஸ்கட் வாசம் வீசும் அரீஜ் அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டுப் பிரிட்ஜின் கைப்பிடி இன்று காலை ஏழு பத்துக்கு இயற்கை எய்தியது. நல்லடக்கம் குப்பைத் தொட்டியில் நடந்தது. சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்ட நான், சாட்சி இல்லாததால் விடுவிக்கப்பட்டேன்.

துக்கம் போதும். உன் பயணச் சம்மதத் தாள் சர்க்கரை டப்பாவுக்கு அடியிலேயே கிடக்கிறது. அப்பாவிடம் பேனாவை நீட்டினேன். "உங்க பெரியப்பா முன்னால, மாட்டேன்னு வாய் விட்டுட்டேன்டா. இப்ப எந்த முகத்தோட மாத்துறது?" என்றார். பெரியப்பாவோ, அரைக்கால் சட்டையில் ஓடும் பெண் உள்ள வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டார். ஊரெல்லாம் கால்பந்துக்குக் கால் போதும், நம் வீட்டில் மட்டும் கை கேட்கிறார்கள், கையெழுத்துக்கு!

பயப்படாதே. உங்கள் அணியை நடத்தும் பிஸ்கட் முதலாளி ஃபவாஸை இங்கே வரவழைக்கக் கடிதம் எழுதப்போகிறேன். மூளை எதற்கு இருக்கிறது?

உன் தம்பி,
ஹைதம்

ஸர்க்கா,
6 ஏப்ரல், புதன்

குரங்குத் தம்பிக்கு அன்பு முத்தம்.

அப்பா கையெழுத்தைப் போலிசெய்தாயோ, தொலைத்துவிடுவேன். பள்ளி மதிப்பெண் அட்டையில் நீ போட்டதற்கே இன்னும் ஊர் சிரிக்கிறது.

தேசிய அணிப் பட்டியல் திங்கட்கிழமை போகிறது. தாள் வராவிட்டால் பஹ்ரைனுக்கு என் இடத்தில் வேறொருத்தி. நேற்று முதலாளி பயிற்சிக்கு வந்தார். முன்பு அவருடைய பொட்டலம் கட்டும் பெண்கள் மதியத்தில் பந்தாடி, தொழிற்சாலைக் கண்ணாடி நான்கை உடைத்தார்களாம். "திட்டத்தாம்மா போனேன். பாத்தா நாலுமே மேல்மூலைக் கண்ணாடி! இப்படிக் குறி வெக்கிற புள்ளைங்களத் திட்டுறவன் முட்டாள்னு திரும்பிட்டேன்" என்றார். அப்படி வந்ததுதான் இந்த மைதானம், பயிற்சியாளர், பஸ், எல்லாம். "யாரு வீட்டுத் தாள் வரல?" என்று கேட்டபோது என் ஒருத்தி கைதான் உயர்ந்தது. வெட்கமாகிவிட்டது.

ஒன்று சொன்னால் சிரிக்காதே. நேற்று வேலிக்கு வெளியே ஒருவர் நின்றார். அப்பாவின் பழுப்புக் கோட்டு போலவே இருந்தது. வெயில் கண்ணைக் கட்டியிருக்கும். வீட்டு நினைப்பு அதிகமாகிவிட்டது, தம்பி.

அக்கா
அரீஜ்

சல்த்,
9 ஏப்ரல், சனி

மாண்புமிகு தேசிய அணி வீராங்கனைக்கு,

பட்டத்தைக் கவனித்தாயா? தாள் இந்தக் கடிதத்தோடு மன்சூர் அண்ணன் ஓட்டும் பிஸ்கட் வண்டியில் வருகிறது. முதலில் மூச்சு விடு. பிறகு படி.

நேற்று ஜும்ஆ முடிந்ததும் நம் வாசலில் நான்கு கார். ஃபவாஸ் முதலாளியும் எட்டுப் பெரியவர்களும், கஞ்சி போட்ட தலைத்துணியோடு, பெரியவர்கள் கூடிவந்து ஒன்றைக் கேட்கும் ஜாஹா முறைப்படி வந்து இறங்கினார்கள். பெண் கேட்டு வந்துவிட்டார்கள் என்று எதிர்வீட்டு அத்தை குலவையே போட்டுவிட்டாள். அப்பா முந்தின நாளே ஆளனுப்பியிருந்ததால் பெரியப்பாவும் நம் கூடத்தில். "சபை கூடினா படி ஏறித்தான ஆகணும்" என்று முனகிக்கொண்டே வந்தார்.

காபி ஊற்றினேன். ஒன்பது பேரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். கேட்டது கிடைக்காமல் ஒரு சொட்டு இறங்காது.

"பொண்ணு கேட்டு வந்திருக்கோம்" என்றார் முதலாளி.

"மாப்பிள்ளை யாரு?" என்று பெரியப்பா.

"மாப்பிள்ளை இல்லைங்க. பதினோரு பேர்ல இடது ஓரம் ஒரு எடம் காலியா இருக்கு. உங்க பொண்ணு காலுக்குன்னே அளவெடுத்த எடம்."

கோப்பைகளில் ஆவி அடங்கிக்கொண்டே வந்தது. நம் வீட்டுக் காபியைத் தொடாமல் ஒன்பது பேர் எழுந்து போனால் சல்த்தில் நாம் தலைகாட்ட முடியுமா? பெரியப்பா கோப்பைகளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கடைசியில் வெடித்தார்: "என்னத்தடா பாத்துட்டு நிக்கிற? பெரிய மனுஷங்க காபி ஆறுது. குடுத்துத் தொலை!"

காபி ஆறியது, பெரியப்பாவும் ஆறினார். எல்லாம் என் கடிதத்தின் மகிமை என்று இங்கே நிறுத்திக்கொள்ள ஆசைதான்.

ஆனால் அக்கா, தாளை எடுத்துவரச் சொன்னார்கள். சர்க்கரை டப்பாவைத் தூக்கினால், கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது! செவ்வாய்க்கிழமைத் தேதியோடு. அன்றுதான் பல் வலி என்று அப்பா காணாமல் போனார். நான் வாய் திறக்குமுன் அப்பா தாளை வாங்கி, மூடி கழற்றாத பேனாவால் எல்லார் முன்பும் அழகாக ஒருமுறை போட்டார். வேலிக்கு வெளியே நின்றது அப்பாதானாம், மன்சூர் அண்ணன் சொன்னார். "என் வாயால மாத்த முடியாது. நாலு பேரோட வந்து கேளுங்க, குடுத்துடறேன்" என்று முதலாளியிடம் அவரே கேட்டுவிட்டு வந்தாராம். இடதுகாலால் அடிக்கும்போது உன் வலத் தோள் தாழ்கிறதாம். அதையும் எழுதச் சொன்னார்.

என் கடிதமா? இன்னும் பூகோளப் புத்தகத்துக்குள் இருக்கிறது. வண்டியில் கொடுக்க மறந்துவிட்டேன். பிரிட்ஜ் கைப்பிடியை உடைத்ததும் நான்தான்.

மூளை என்று சொல்லிக்கொண்டிருந்த
ஹைதம்