நெளிந்த தட்டும் நெய் விரலும்

மிளகும் சுக்கும் சேர்ந்து வெந்த வாசம் இன்னும் அடுப்படியை விட்டுப் போகவில்லை. ஆறு குழி மஃபின் தட்டு சூடாறக் கிடக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு நெளிசல் இருக்கிறதே, அது உன் புருஷனின் தாடை. உன் முப்பதாம் நாள் காரியம் முடிந்து இன்று காலை உன் மகள் பேகம்பூருக்கு, என் வீட்டுக்கு வந்திருந்தாள். நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எங்கள் மாடியில் நீ குடியிருந்தபோது அவளுக்கு ஐந்து வயது. முட்டையோ பாலோ துளி உள்ளே போனாலும் உதடு வீங்கி மூச்சு முட்டும். நெய்கூட ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உன் புருஷனுக்கு அது நம்பிக்கையில்லை. "பால் ஒத்துக்காத பிள்ளை உலகத்துல உண்டாடி?" என்று கேட்டுக் கேட்டு அடிப்பான். மாடியில் நீ விழும் சத்தம் என் தலைக்கு மேலே கேட்கும். நான் அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருப்பேன். சனியன் நான், அப்போதே மேலே ஏறி வந்திருக்க வேண்டும்.

பேக்கரிக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு பிள்ளை அழுதது என்று ஒருநாள் சிறுமலை வாழைப்பழத்தோடு இறங்கி வந்தாய். "இவளுக்குன்னு ஒரு கேக்கு செய்வோம்க்கா" என்றாய். முட்டைக்குப் பதில் அந்தப் பழத்தைப் பிசைந்தோம். பாலுக்குத் தேங்காய்ப்பால், அதில் கொஞ்சம் எலுமிச்சை. பட்டை, ஏலம், சுக்கு, மிளகு. முதல் இரண்டு தடவையும் கல்லாக வந்தது, நான் கரண்டியால் போட்டு அடித்ததால். "மாவை அடிக்காதீங்கக்கா, செத்த நேரம் மெதுவாக் கிண்டுங்க. அடி வாங்குனா அதுவும் இறுகிப் போகும்" என்றாய். வீங்கிய கன்னத்தோடுதான் சிரித்தாய்.

மூன்றாவது தடவை பொங்கி வந்தது. பிள்ளை ஒன்றை முழுசாகத் தின்றாள். நாமிருவரும் கைதட்டினோம். கொஞ்ச நேரத்தில் அவள் கழுத்தைச் சொறிந்தாள், பிறகு கண் செருகியது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள்.

எங்கள் வீட்டில் எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் பிஸ்மி சொல்லி நெய் டப்பாவில் விரலை வைத்துத் தடவுவதுதான் பழக்கம். பிரியாணிக்காரர் வீட்டுக் கை அது. மாவில் அம்புட்டு கவனமாக இருந்தவள், தட்டின் ஆறு குழியிலும் நெய் தடவியிருக்கிறேன்.

பிள்ளையை மாடியில் படுக்க வைத்துவிட்டு நீ என் அடுப்படிக்கு வந்தாய். பின்னாலேயே உன் புருஷன் வந்தான்; பிள்ளைக்கு ஊசி போட்டதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு நம்பிக்கை வந்திருந்தது. மிச்சமிருந்த மஃபினை மோந்து பார்த்தான். "எவடி நெய்யைப் போட்டது?" என்று உன் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். இரத்தம் உன் புருவம் வழியே இறங்கியது. பிறகு என் பக்கம் திரும்பிக் கையை ஓங்கினான். எனக்கு அப்போது ஏழு மாதம். நீ நடுவே பாய்ந்தாய்.

"நான்தான் தடவுனேன். என்னை அடி."

அடித்தான். மிதித்தான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊமையாக நின்றேன். கீழே கிடந்த உன் கைக்குத் தட்டு அகப்பட்டது. எழுந்து ஒரே வீச்சு. அவன் தாடை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மஃபின்கள் சிதறி ஓட, அவன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "இனி கை ஓங்குனா கையே இருக்காது" என்றாய். அன்று மாலையே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சேவுகம்பட்டிக்கு உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய்.

பதினான்கு வருடம் நாம் பேசினோம், சிரித்தோம். நெய்யைப் பற்றி நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்தாய்.

இன்று உன் மகள் கேட்டாள்: "அத்தை, அம்மா எனக்கு வேணும்னே நெய் குடுத்துச்சாம். என்னைக் கொல்லப் பார்த்துச்சுன்னு சின்ன வயசுலேருந்தே அப்பா போன்ல சொல்றாரு. அம்மாகிட்ட கேக்கப் பயமா இருந்துச்சு. நெசமா?"

சொல்லிவிட்டேன். என் விரலை அவள் முன்னால் நீட்டிச் சொன்னேன்.

அடுப்படியில் நான் இன்னும் வைத்திருந்த அந்தத் தட்டை எடுத்துச் சுவரில் எறிந்தாள். காரை பெயர்ந்து விழுந்தது. "பதினாலு வருசமா நாக்கு எங்க போச்சு? எங்கம்மா இருக்கறப்ப சொல்லக் கூடாதா? நான் அதுகிட்ட ஒருநாளும் ஆசையா ஒரு வாய் வாங்கித் தின்னதில்லையே!" என்று தலையிலடித்துக்கொண்டு கத்தினாள். அறைவாள் என்று கன்னத்தைக் கொடுத்தபடி நின்றேன். அறைந்திருக்கலாம்.

அழுது ஓய்ந்ததும் அவளே தட்டைப் பொறுக்கி, சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள். "செஞ்சு காட்டுங்க. எண்ணெயை நான் தடவுறேன், உங்க கையை நம்ப மாட்டேன்" என்றாள். மாவை மெதுவாகத்தான் கிண்டினாள், யாரும் சொல்லிக் கொடுக்காமலே. வெந்ததும் ஒன்றைப் பிட்டு, வாயில் போடாமல் செத்த நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு, "எங்கம்மா செஞ்சது" என்று சொல்லித் தின்றாள்.

அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். தட்டில் இப்போது இரண்டு நெளிசல். பிஸ்மி சொல்லித் தட்டைத் தொட்டால் விரல் இன்னமும் நெய் டப்பாப் பக்கம்தான் போகிறது. மறு கையால் அதைப் பிடித்து நிறுத்துகிறேன்.