வெள்ளைப் பூ வந்த காடு

ஜனவரி 20, திங்கள்

விடியும்போதே பனி. இவருக்குப் பனி ஆகாது. முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தபடியே ராத்திரியைத் தள்ளினார்.

சங்ககிரிப் பக்கம் விலைக்கு வந்த விவசாயக் காடு ஒன்று பார்க்கப் போனோம். நல்ல மண், ரோட்டு மேலேயே. லாரி போகப் போக வேலியோர வேப்பிலையெல்லாம் தூசியில் வெள்ளையாக. தரகர், "ரோட்டு மேல இருந்தா நாளைக்கு நல்ல வெலைக்குப் போகுமுங்க" என்றார். நாளைக்கு விற்கவா வாங்குகிறோம்?

வருஷக்கணக்காக, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் போர் போட்ட பாறைத் தூள் இவர் நெஞ்சில் படிந்துவிட்டது. கெட்டது கெட்டதுதான், இனித் தூசி படாமல் பார்த்துக்கொண்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். திருச்செங்கோட்டில் எங்கள் வாசலுக்கு எதிரிலேயே ரிக் பட்டறை. அதனால்தான் இந்த அலைச்சல்.

பார்க்க வேண்டியது: தூசி. கல் குவாரி. ஆஸ்பத்திரி தூரம். மாடு கட்ட இடம். தண்ணீர். இவர் கேட்பது கடைசி ஒன்றை மட்டும்.

கேஸ் புக் பண்ண மறந்தாச்சு.

ஜனவரி 22, புதன்

ஆத்தூர். மரவள்ளிக்காடு, பக்கத்திலேயே ஜவ்வரிசி செய்யும் சேகோ மில். கழிவுத் தண்ணீரின் புளித்த வாடை. விற்கிறவர், "ஒரு மாசத்துல பழகிடும்மா" என்கிறார். மூக்கு பழகும். நெஞ்சு?

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் கொய்யா வாங்கினோம். நல்ல இனிப்பு.

ஜனவரி 24, வெள்ளி

வாழப்பாடி தாண்டி உள்ளே. அமைதி. குவாரி இல்லை, மில் இல்லை. ஓட்டு வீடு, தென்னை, கிணற்றில் தண்ணீர் தெரிகிறது. இவர் ஒரு கல்லைப் போட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. எனக்கும் பிடித்துவிட்டது. எருமை வேண்டாம், பசு போதும் என்றுகூட யோசித்துவிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

குலதெய்வம் கோயிலில் பூக் கேட்டோம். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், அம்மன் காலடியில். பூசாரி எடுக்கும் பொட்டலத்தில் வெள்ளை வந்தால் வாங்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. பூசாரி, "என்னன்னு கேக்கறதுங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "தண்ணி நிக்குமான்னு கேளுங்க."

வெள்ளை வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜனவரி 28, செவ்வாய்

 

பேச்சு முடிக்க வாடகைக் காரில் வாழப்பாடி போனோம். பக்கத்துக் காட்டில் ரிக் ஓடிக்கொண்டிருந்தது. ஊரே தெரியாத அளவுக்குப் புழுதி. காரைத் திருப்பச் சொன்னேன். இவர் கண்ணாடியை இறக்கிவிட்டார். "சத்தம் மாறுது புள்ள. தண்ணி வரப்போவுது." கதவைத் திறந்து நடந்துவிட்டார். மூக்கில் துண்டுகூடக் கட்டவில்லை. குழியோரம் குனிந்து, தூளை அள்ளி விரலில் தேய்த்து ரிக்காரர்களிடம் ஏதோ சொல்கிறார். சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! 

காருக்குத் திரும்பி வரமுடியவில்லை. நானும் டிரைவரும் தூக்கித்தான் வந்தோம். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன்.

ஜனவரி 29, புதன்

மூச்சு கொஞ்சம் பரவாயில்லை. இட்லி ஒன்று சாப்பிட்டார். திட்ட வாயெடுத்தேன், அவரே ஆரம்பித்தார். "எங்க போனாலும் ரிக்கு வரும் புள்ள. தண்ணி கீழ போவப் போவ வந்துட்டேதான் இருக்கும்."

உண்மை. அம்மன் பொய் சொல்லவில்லை. தண்ணீரைக் கேட்டோம், தண்ணீருக்குப் பதில் சொன்னாள். காற்றைப் பற்றி யார் கேட்டோம்?

போரே தேவைப்படாத ஊராகப் பார்க்க வேண்டும். பரமத்தி வேலூர் வாய்க்கால் பாசனம். சொன்னேன். இவருக்குக் கோபம். "போருத் தண்ணி நம்ம தண்ணி. வாய்க்காத் தண்ணி சர்க்காருத் தண்ணி. அவன் அடச்சா அடச்சதுதான்."

ஜனவரி 31, வெள்ளி

டிஸ்சார்ஜ் ஆன கையோடு பரமத்தி வேலூர். இவர் திட்டிக்கொண்டே வந்தார். வாய்க்கால் ஓரம் வாழைத்தோப்பு, சின்ன வீடு. நிலத்துக்காரம்மா ஒண்டிக்கட்டை, மகளோடு போய் இருக்கப் போகிறார். பக்கத்துக் கரும்புக் காட்டில் காய்ந்த சோகையைக் கொளுத்துவார்களா என்று கேட்டேன். மறைக்கவில்லை. "வெட்டு முடிஞ்சாக் கொளுத்துவாங்க சாமி. முன்னாடியே சொல்லுவாங்க, அன்னிக்கு மட்டும் எங்கியாச்சும் போயிருங்க."

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது இவரைக் காணோம். பதறிப்போய்த் தேடினேன். வாழை நிழலில் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். தலையணை இல்லாமல். தூக்கம். நெஞ்சு மெதுவாக ஏறி இறங்கியது. நிலத்துக்காரம்மா எழுப்பப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

பிப்ரவரி 1, சனி

வெயில். மருந்துக் கடை, அப்படியே குலதெய்வம் கோயில். இரண்டு அரளியும் வாங்கினேன். பூசாரி இருந்தார். உள்ளே போகவில்லை. சிவப்பு வந்துவிட்டால்? பூவை வாசலிலேயே வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வந்ததும் வராததுமாக இவர், "வாய்க்காக் காடு நல்லாத்தான் இருக்குது. பூக் கேக்க எப்பப் போலாம்?"

"இப்பத்தானுங்க கேட்டுட்டு வாரேன். வெள்ளைதானுங்க."