தண்ணீர் கலந்த பெராக்சைடு

இன்று காலை பெராக்சைடு பேரலின் மூடியைத் திறந்தபோது, கையுறையின் ஓட்டை வழியே ஒரு சொட்டு விரலில் பட்டது. தோல் வெளுத்துச் சுரீரென்றது. பேண்டேஜ் துணியை வெளுக்கிற மருந்து, இத்தனை வருசமாக என்னையும் வெளுக்கப் பார்க்கிறது. நான் இன்னும் கறுப்புத்தான், மாப்ளே.

எனக்கு உன் கெண்டைக்கால்தான் நினைவுக்கு வந்தது. தளவாய்புரத்தில், வரப்புத் தகராறில் உன் தம்பி அரிவாளை வீசினான். எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. தூக்க வந்த என்னிடம், "ஆஸ்பத்திரி வேண்டாம்லே. கேசுன்னு ஆனா அவன் பட்டாள வேலை போயிரும்" என்றாய்.

வெட்டியவனுக்காக வெட்டுப்பட்டவன் என் வீட்டில் ஒளிந்துகிடந்தாய். ஸ்ரீவில்லிபுத்தூர் லேபில் ஊரார் சீழையெல்லாம் சோதித்துக் கிருமிக்குப் பேர் சொன்னவன், உன் காலுக்கு என்னை டாக்டராக்கினாய். ஐந்தாம் வகுப்போடு நின்ற டாக்டர். இதே பேரலில் ஒரு டம்ளர் எடுத்து, உனக்கு எரியக் கூடாதே என்று நிறையத் தண்ணீர் கலந்து, மூன்று நாளும் ஊற்றினேன். காயம் நுரைத்துப் பொங்கியது.

"பாருலே, அம்புட்டும் சாவுது" என்றேன்.

பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தாய். "நுரையப் பாத்து ஏமாறாத. என் சதையும்தான் நுரைக்குது. கிருமியும் உன் மருந்தை உடைச்சுத் தண்ணியாக்கிருது."

"அப்ப அடியே விழலையா?"

"விழுது. ஒவ்வொரு கிருமிக்குள்ளயும் ரெண்டு இழை நூல் முறுக்கிக் கெடக்கு. அது எப்படிப் பொழைக்கணும்னு அதுலதான் எழுதியிருக்கு. உன் மருந்து போயி எழுத்தைக் கருக்கும், இழையை அறுக்கும். அது கருகுன எழுத்தை வெட்டி எறிஞ்சுட்டு, எதிர் இழையைப் பாத்துச் சரியான எழுத்தை வச்சுரும். ரெண்டு இழையும் அறுந்தா, உள்ளேயே இன்னொரு நகல் இருந்தா அதப் பாத்து ஒட்டிரும்."

"எங்க தறியில அறுந்த இழைய முடிபோடுத மாதிரி."

"உன்னைவிட வேகமாப் போடும். கொஞ்சமா அடிச்சா இன்னும் மோசம். உஷாராகி, அடுத்த அடிக்கு மருந்தை உடைக்கிற சாமானும் இழையை ஒட்டுற சாமானும் கூடுதலாச் செஞ்சு வச்சுக்கும்."

என் கையில் தண்ணீர் கலந்த டம்ளர் இருந்தது. நீயும் அதைப் பார்த்தாய். பேச்சை மாற்றினாய்.

நான்காம் நாள் கால் தொடைவரை கறுத்து வீங்கியது. குளிர்காய்ச்சலில் உன் பல் கிட்டியது. உன்னைக் கேட்காமல் ஆட்டோவில் தூக்கிப் போட்டேன். அழுகிய சதையை அரிந்தார்கள். பிறகு காலையே எடுத்தார்கள். அதற்குள் ரத்தமெல்லாம் கிருமி.

"இனி ஓட்டத்துல உன்ன ஜெயிச்சிருவேன்லே" என்று கேலி செய்யப் பார்த்தேன். கண் உன் கால் இருந்த இடத்துக்கே போனது.

"நீ ஊத்துனதால இல்லலே" என்றாய். "லேட்டா வந்தோம். அம்புட்டுத்தான்."

அன்று சாயங்காலம் போய்விட்டாய். நீ காப்பாற்ற நினைத்த வேலையும் போய்விட்டது. தம்பி ஜெயிலில் இருக்கிறான். நீ கடைசியாகச் சொன்னது பாதி உண்மை என்று எனக்குத் தெரியும். மறுபாதியை நான் வைத்திருக்கிறேன்.

இன்று விரலைக் கழுவிக்கொண்டிருந்தபோது, தறியில் கை கிழிந்த ஒரு பெண் ரத்தம் சொட்ட ஓடிவந்தாள். "அண்ணே, அந்த மருந்தைச் செத்த ஊத்துங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா முதலாளி வைவாரு."

ஆட்டோவுக்குப் போன் போட்டேன். "வையட்டும் தாயி. ஆட்டோ வருது" என்றேன். துணியை அவள் கையில் அழுத்திக் கட்டினேன். ஆட்டோ வரும்வரை, மாப்ளே, பேரல் மூடியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.