பக்கத்துக் கட்டில் மதிப்பெண்

அண்ணாச்சி,

நேற்று தச்சநல்லூரில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். மாடி எடுக்க வேண்டுமாம். சமையலறையில் நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு அம்மாள் நறுக்கிய வெங்காயத்தில் வினிகரை ஊற்றினார். எடுத்த அளவை மறந்து அப்படியே நின்றுவிட்டேன். நம் டயாலிசிஸ் அறையின் நெடி அது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்குக் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் மூக்கில் ஏறுமே, குழாய் கழுவுகிற மருந்தின் புளித்த வாடை, அதேதான். முகம் மாறியதைப் பார்த்து, "சார், தண்ணி தரட்டுமா?" என்று கேட்டார். தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டிய டயாலிசிஸ்காரன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எனக்கு மூன்றாம் கட்டில், உங்களுக்கு நான்காம் கட்டில். முதல் மாதம் நாம் பேசிக்கொள்ளவே இல்லை. நீங்கள் புன்னக்காயல்காரர், நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர், சிறுநீரகம் போனதால் பாளையங்கோட்டையில் மகள் வீட்டில் வந்து இருக்கிறவர் என்பதெல்லாம் மெஷினைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் தங்கச்சி சொல்லித்தான் தெரியும். ஊசி ஏற்றிய இடது கையை அசைக்காமல் நான்கு மணி நேரம் கிடக்க வேண்டும். நீங்கள் கூரையைப் பார்ப்பீர்கள். நான் போனை மேசையில் சாய்த்துவைத்துப் பேய்ப்படம் பார்ப்பேன். வீட்டு வரைபடம் போடுவது என் பிழைப்பு, பேய்ப்பட விமர்சனம் எழுதுவது என் கிறுக்கு. ஒவ்வொரு அக்டோபரிலும் மாதக் கடைசி நாளில் வெள்ளைக்காரர்கள் கொண்டாடுகிற ஹாலோவீன் பேய்த்திருநாளை ஒட்டி ஒரு சின்ன இணையதளத்துக்கு, பழைய படம் ஆறு, புதிய படம் ஏழு என்று எழுதிக் கொடுப்பேன். 

ஒருநாள் நீங்களாகவே தலையைத் திருப்பினீர்கள். "என்னவே, கல்யாண வீட்டு வீடியோவா? இம்புட்டு உத்துப் பாக்கீரு."

"பேய்ப்படம் அண்ணாச்சி."

"நல்லாருக்கு. இங்கன கெடக்கது பத்தாதுன்னு, படம் வேற பாத்துப் பயப்படுதீரா?" என்று சிரித்துவிட்டு வலது கையை நீட்டினீர்கள். "காதுல மாட்டியிருக்கதுல ஒண்ண இங்கன குடும்."

வயர் எட்டவில்லை. கட்டிலை ஒரு சாண் நெருக்கிப் போடச் சொன்னோம். அன்றிலிருந்து ஆளுக்கொரு காது.

படம் பார்ப்பதில் நமக்குள் ஒத்துப்போனதே கிடையாது. எனக்குத் தொழில் புத்தி. வெளியே இரண்டு ஜன்னல் காட்டினான், உள்ளே நாலு இருக்கிறதே என்று முணுமுணுப்பேன். "பேய் வந்துட்டிருக்கு, நீரு ஜன்னல எண்ணிட்டிருக்கீரு" என்று திட்டுவீர்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் வெள்ளைச் சேலையோடு யாராவது நடந்துவந்தால் உங்களுக்குப் பயத்துக்குப் பதில் இரக்கம் வந்துவிடும். "பாவம், அவளுக்கு என்ன கொறையோ" என்பீர்கள். புதிய படங்கள்தான் உங்களை ஆட்டின. ஒன்றுமே நடக்காமல் ஒரு கதவை மட்டும் காட்டிக்கொண்டிருக்கிற படங்கள். அப்போது போர்வைக்குள் உங்கள் கால்விரல் மடங்குவது எனக்குத் தெரியும்.

மதிப்பெண் போடுகிற வேலையை மெஷின் எடுத்துக்கொண்டது தற்செயலாகத்தான். அரை மணிக்கொரு தரம் வலது கைப் பட்டை இறுகி பிரஷர் பார்க்கும். ஒரு படத்தில் கதவு திறந்த நேரமும் பட்டை இறுகிய நேரமும் ஒன்றாகிவிட்டது. உங்களுக்கு நூற்றிருபதிலிருந்து நூற்றைம்பதுக்கு ஏறியது. டெக்னீஷியன் தங்கச்சி ஓடி வந்து போனைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். நான் அதை அப்படியே விமர்சனத்தில் எழுதினேன். 'பக்கத்துக் கட்டில் மதிப்பெண்: முப்பது.' வாசகர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. அதற்கப்புறம் நட்சத்திரம் போடுவதையே விட்டுவிட்டேன். உங்கள் பிரஷர் எவ்வளவு ஏறியதோ அதுதான் மதிப்பெண். சில நாள் உங்களுக்குப் பிரஷர் இறங்கும்போது அந்தத் தங்கச்சியே, "சார், நாலாம் கட்டிலுக்குச் சீக்கிரம் பேயைப் போடுங்க" என்பாள். அந்த அறையில் அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முன்பு கேட்டதில்லை.

போன அக்டோபர் கடைசியில் அந்த மாடிப்படிப் படத்தைப் பார்த்தோம். உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் ஏதோ ஒன்று வந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு படி மேலே ஏறுகிறது. மாடியில் குடும்பம் இருக்கிறது. வருவது என்ன என்று கடைசி வரை காட்ட மாட்டார்கள். பட்டை முதல் தரம் இறுகியது, நூற்றுப் பத்து. அடுத்து நூற்றெட்டு. கடைசிப் படிக்கு அது வந்து நின்றபோது நூற்று நான்கு. உங்கள் முகத்தைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர் போல இருந்தீர்கள்.

"என்ன அண்ணாச்சி, பயமாவே இல்லையா?"

"வரட்டும்வே. அதுவும் எத்தன நாள்தான் படியிலயே நிக்கும்?"

நான் சிரித்தேன். சிரித்தது மட்டுமல்ல, அதைத் தலைப்பாகவே போட்டேன். 'பக்கத்துக் கட்டில் மதிப்பெண்: பூஜ்யம். படம் மொக்கை' என்று எழுதி, நீங்கள் சொன்னதைக் கீழே நகைச்சுவையாகச் சேர்த்தேன். அந்த வருஷம் அதிகம் பேர் படித்துச் சிரித்த விமர்சனம் அதுதான். டயாலிசிஸில் பிரஷர் இறங்குவது சகஜம் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்தை நீங்கள் படத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, அண்ணாச்சி. அது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆள் பக்கத்தில் கிடக்க, நான் படத்துக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் படம் பார்த்த வெள்ளிக்கிழமை ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே சொன்னீர்கள். "நீங்க பேயக் கொண்டாடி முடிச்ச ரெண்டாம் நாளு எங்களுக்குக் கல்லறைத் திருநாளு. ஊருக்குப் போறேன். எம் பொஞ்சாதி கல்லறையில ஒரு மெழுகுதிரி ஏத்தி மூணு வருசமாச்சு."

"செவ்வாக்கெழம வந்துருவியல்லா?"

"நீரு படத்த எடுத்து வையும்வே" என்றீர்கள். வருவேன் என்று சொல்லவில்லை.

செவ்வாய் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. அன்று சாயங்காலம் உங்கள் மகள் போன் செய்தாள். "அப்பா வரமாட்டேங்காவண்ணே. போதும்னு சொல்லுதாவ. கால் வீங்கிட்டு, மூச்சு வாங்குது. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாவ."

உடனே உங்களுக்குப் போன் போட்டேன். பின்னால் கடல் சத்தம் கேட்டது. நான் என்ன பேசினேன் தெரியுமா? புதுப் படம் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். நல்ல படமாம், கட்டாயம் முப்பது ஏறும் என்றேன். உங்கள் மகள் அழுதுகொண்டு கேட்ட ஒரு வார்த்தையை விட்டுவிட்டு ஊர்ப்பட்ட கதையெல்லாம் பேசினேன். நீங்கள் மூச்சு வாங்கி வாங்கிக் கேட்டீர்கள்.

"உமக்குப் பயம் இருக்குல்லாவே? அத விட்றாதியும். பயம் இருக்கவன்தான் செவ்வாக்கெழமை வந்து படுப்பான். எனக்குப் போயிட்டு."

"சரி அண்ணாச்சி, பைய வாங்க" என்று வைத்துவிட்டேன். ஆறாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். அடக்கம் வெள்ளிக்கிழமை காலை. எனக்கு அன்று ஊசி போட்டிருந்தது. உங்களைக் குழிக்குள் இறக்கிய நேரம் நான் மூன்றாம் கட்டிலில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வராததற்கு உங்கள் மகள் ஒன்றும் நினைக்கவில்லை. நான்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த அக்டோபரும் இணையதளத்தார் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல நினைத்து, முதலில் அந்த மாடிப்படிப் படத்தைத் திரும்பப் போட்டேன், தனியாக, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு. பத்தாவது படியிலேயே எனக்கு வேர்த்துவிட்டது. நூற்று முப்பது, நூற்று நாற்பத்தெட்டு, நூற்று அறுபது. தங்கச்சி ஓடி வந்து போனைப் பிடுங்கினாள். "என்ன சார் இது, நீங்களுமா?" என்றாள். அன்று வீட்டுக்குப் போய் எழுதினேன். 'போன வருஷம் இந்தப் படத்தைப் பற்றி நான் எழுதியது தவறு. நான் பார்த்ததிலேயே பயங்கரமான படம் இதுதான்.' உங்கள் வாக்கியத்தை நகைச்சுவையிலிருந்து எடுத்துவிட்டேன். ஏன் என்று சிலர் கேட்டார்கள். என்னத்தைச் சொல்ல?

நான்காம் கட்டிலுக்கு இப்போது மேலப்பாளையத்துக்காரர் ஒருவர் வருகிறார். ஆட்டோ ஓட்டுகிறவர், இரண்டு பெண் குழந்தைகள். வாய் ஓயாத ஆள். பேய்ப்படம் என்றால் அலறுவார். என் காதில் மாட்டுவதில் ஒன்றை அவருக்குக் கொடுக்கவே எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. போன செவ்வாய் ஒரு புதுப் படம் போட்டேன். நல்ல படம், எனக்கே விரல் மடங்கியது. பட்டை இறுகியது, அவருக்கு ஏறவில்லை. திரும்பிப் பார்த்தேன். கண் படத்தில் இருந்தது, ஆள் அங்கே இல்லை.

என் காதில் இருந்ததைப் பிடுங்கினேன். "என்னவே, என்ன யோசன?"

"ஒண்ணுமில்லண்ணே."

"ஒண்ணுமில்லாம இருக்காது. சொல்லும்."

தன் காதில் இருந்ததையும் கழற்றி வைத்துவிட்டு, "இனிம வர வேண்டாம்னு பாக்கேன்ணே. என்னால வீட்ல எல்லாத்துக்கும் செரமம்" என்றார்.

புத்தி சொல்ல எனக்குத் தெரியவில்லை, அண்ணாச்சி. உங்களிடம் சொல்லாமல் விட்டதை அவரிடம் சொன்னேன். "எனக்குப் பயமா இருக்கும்வே. இந்தக் கட்டில்ல நீரு இல்லாட்டி எனக்கு ரொம்பப் பயமா இருக்கும்." தங்கச்சி திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நடுவில் படம் அதுபாட்டுக்கு ஓடி முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது, எனக்கு முன்பே வந்து நான்காம் கட்டிலில் படுத்திருந்த அவருக்கு ஊசி போட்டிருந்தார்கள்.